ஆவடிக் குழாய், போத்தனூர் சைக்கிள்

ஒரு சைக்கிள் எந்தக் குழாயில் பிறந்தது என்பதை ஸ்டிக்கரை வைத்துச் சொல்ல முடியாது. சீட்டுக் கம்பியை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரலை விட்டுத் தடவினால் மேலிருந்து கீழாக நூல் பிடித்ததுபோல ஒரு சின்ன மேடு தட்டுப்படும். தகட்டுச் சுருளை நீளவாக்கில் நறுக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு வட்டமாகச் சுருட்டி, இரண்டு ஓரமும் கூடுகிற இடத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைத்த தழும்பு அது. என்னிடம் இருக்கும் ஹெர்குலிஸ் எம்டிபியில் அந்த மேடு நன்றாகவே கைக்குத் தெரிகிறது. குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். அதற்குள் இறங்கும் சீட்டுக் கம்பி 25.4. ஆக, குழாயின் சுவர் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அது எனக்குக் கைகொடுத்தது.

1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அந்த ஆங்கில நிறுவனத்தின் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரை அம்பத்தூர் மருத்துவமனை ஒன்று இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. சைக்கிளுக்கு வேண்டிய குழாயை உள்ளூரிலேயே உருட்ட, 1955-இல் பக்கத்து ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ எல்லாமே பர்மிங்காம் வட்டாரத்துப் பெயர்கள். பால்காரரும் தபால்காரரும் ரயில்வே கலாசிகளும் அந்தப் பெயர்களை நம் ஊர்ப் பெயர்களாகவே ஆக்கிவிட்டார்கள்.

அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் குடைக்குள் இன்னொரு பர்மிங்காம் நிறுவனமும் இருந்தது: ரெனால்ட்ஸ். ஆணி செய்யும் குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், இரு முனையும் கெட்டியாகவும் நடுப்பகுதி மெலிதாகவும் இருக்கும் குழாய்க்கு 1897-இல் காப்புரிமை வாங்கினார். ஒட்டுப்போடும் இடத்தில்தான் கனம் வேண்டும், நடுவில் எதற்கு என்பது அவருடைய கணக்கு. 1935-இல் அந்த நிறுவனம் மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த '531' குழாயைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் பந்தயச் சைக்கிள்கள் பலவும் பத்தாண்டுக் கணக்கில் அதில்தான் ஓடின. பந்தயத்துக்கு அந்தக் குழாய். பால் கேனுக்கும் நெல் மூட்டைக்கும் ஆவடியில் உருட்டிய தையல் குழாய்.

இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எஃகு எந்த ரகமானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த 4130 (குரோமோலி) ரகத்துக்கும் சாதா எஃகுக்கும் அதில் மாற்றமில்லை. மாறுவது தாங்கும் வலு. வலு கூடினால் சுவரை மெலிதாக்கலாம். சுவர் மெலிந்தால் எடை குறையும், குழாயும் கொஞ்சம் கூடுதலாக நெகிழ்ந்து கொடுக்கும். 27.2 மில்லிமீட்டர் சீட்டுக் கம்பி இறங்குகிற குரோமோலி சட்டத்தில் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. விலையெல்லாம் அந்த மெலிவுக்குத்தான்.

இனி எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், என்ற வடிவத்துக்கு வருவோம். அதன் தொடக்கமும் பழைய இரும்புச் சைக்கிள்தான். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் தமல்பாயிஸ் என்றொரு மலை. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் வந்த, பெருத்த டயர் போட்ட ஷ்வின் சைக்கிள்களைக் காயலான் கடைகளில் தேடிப்பிடித்து மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறங்கவிட்டார்கள். பின் ஹப்புக்குள் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை அடைத்தாக வேண்டும். அதனாலேயே 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மறு ஆண்டு ஜோ பிரீஸ் குரோமோலி குழாயில் இதற்கென்றே ஒரு சட்டம் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரை ஜப்பானில் செய்து கடைக்குக் கொண்டுவந்தது. இவை எதிலும் முன் போர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. 1989-இல் ராக்‌ஷாக்ஸ் வந்த பிறகுதான் முன்சக்கரம் மேலும் கீழும் அசையத் தொடங்கியது.

90-களில் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் எம்டிபி நம் தெருக்களுக்கு வந்தபோது மேலைநாட்டு மலைச் சைக்கிள்கள் அசையாத போர்க்கைக் கைவிட ஆரம்பித்திருந்தன. நமக்கு நேர் ஹேண்டில்பார், இருபத்தாறு அங்குலச் சக்கரத்தில் தடித்த டயர் எல்லாமே புதுசு. தண்டு இறங்கிய சாய்வான சட்டத்தைப் பார்க்கவே பையன்கள் கூட்டம் கூடும். சில ஆண்டுகளில் முன்னும் பின்னும் ஷாக்கர் வைத்த சைக்கிள்கள் வந்து இதை ஓரம்கட்டின. அந்த ஷாக்கர்களில் வெறும் ஸ்பிரிங்தான். துள்ளலை அடக்க உள்ளே எண்ணெயோ வால்வோ இருக்காது. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பாதி உழைப்பு ஸ்பிரிங்குக்கே போகும். அவற்றில் பெரும்பாலானவை இன்று காயலான் கடையில்கூட இல்லை. அசையாத போர்க்கு வைத்தவை மிஞ்சியிருக்கின்றன.

என் சைக்கிளை வாங்கியவர் என் மாமா. போத்தனூர் ரயில்வேயில் வேலை. போத்தனூரை வெறும் புறநகர் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சென்னையையும் பேப்பூரையும் இணைத்த பாதையில் 1862-லேயே ரயில் இங்கே வந்துவிட்டது. கோயம்புத்தூர் நகருக்குள் ரயில் நுழைந்தது 1873-இல், மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட கிளைப் பாதையில். சிக்னல் பட்டறையும் குடியிருப்பும் யார்டுமாக வளர்ந்த இந்த ஊரில், அன்றைக்குச் சைக்கிள் இல்லாமல் ஷிப்டுக்குப் போக முடியாது. தண்டவாளத்தை ஒட்டிய ஜல்லிப் பாதைக்குத் தடித்த டயர் நல்லது என்று மாமா கணக்குப் போட்டு எம்டிபி வாங்கினார். பின்னால் கேரியரும் பக்கத்தில் ஸ்டாண்டும் போட்டுக்கொண்டார். பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை அகலமாகி 2017-இல் வண்டி ஓடத் தொடங்கியபோது மாமா ஓய்வு பெற்றிருந்தார். சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுமையோடு ஊர் சுற்றலாம் என்று அதை இறக்கி நான் கொண்டுபோன இடம் கடைவீதியில் ஒரு சின்னப் பட்டறை. பழைய சைக்கிளில் ஒற்றைக் கியர்தான். மூட்டை கட்டிக்கொண்டு மேட்டில் ஏற அது போதாது. பல்லு மாறும் பிரீவீல் போட வேண்டுமென்றால் பின் ஹப் அகலமாக வேண்டும். பின் கால்களுக்கு நடுவே இருந்ததோ 110 மில்லிமீட்டர், வேண்டியது 126. பட்டறைக்கார அண்ணன் ஒரு நீளமான திருகு ஆணியையும் இரண்டு நட்டையும் கால்களுக்கு நடுவே மாட்டி, ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். விட்டால் பாதி திரும்பி வரும், மறுபடி தள்ளுவார். அகலம் நின்றதும், கழுத்துக் குழாயிலிருந்து ஒரு நூலை இழுத்து இரண்டு பின் காதுகளையும் சுற்றித் திரும்பக் கழுத்துக்கே கொண்டுவந்து கட்டினார். நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒரு நூலளவு கூட. அந்தக் காலை மட்டும் கையால் ஓர் அழுத்து அழுத்தினார். சரியாகிவிட்டது.

"இரும்பு சொன்ன பேச்சு கேக்குமுங்க தம்பி. அலுமினியத்துல இந்த வேலையச் செஞ்சா பட்டுனு போயிருமுங்க" என்றார்.

இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. எஃகு முதலில் வளையும், பிறகுதான் முறியும். ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை குலுக்கினாலும் எஃகுக்குச் சோர்வு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சின்னக் குலுக்கல்களும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அலுமினியச் சட்டங்களைக் குழாய் பெருத்து, நெகிழவே விடாமல் கட்டுகிறார்கள்.

போர்க்கின் இரண்டு காலிலும் பை மாட்டுவதற்கு மும்மூன்று புரி வைக்க வேண்டியிருந்தது. அதற்குக் குறிச்சி சிட்கோ பக்கம் போனோம். பம்ப்செட்டும் கிரைண்டரும் மோட்டாருமாக வளர்ந்த ஊர் இது. கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைக்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. இரும்பு ரிம்மைக் கழற்றி அலாய் ரிம் போட்டேன். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. டயர் 2.1 அங்குலம். சட்டத்தின் முக்கோணத்துக்குள் அடங்குகிற பையைத் தார்ப்பாயில் போத்தனூர்த் தையல்காரர் ஒருவரே தைத்துக் கொடுத்தார். அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தால் போதும், ரெக்ஸின் சீட்டுக்கவர் தைத்த கை அது.

பை ஏன் முக்கோணத்துக்குள் அடங்க வேண்டும், பின்சக்கரத்தின் இரு பக்கமும் பெரிய பைகளைத் தொங்கவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து இட்டேரியில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இட்டேரி என்றால் இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டித்தடம். ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். இருபுறமும் கிளுவையும் கள்ளியும் முட்செடிகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் புல் மேடு, இரு பக்கமும் சக்கரம் அறுத்த பள்ளம். பக்கவாட்டில் பை நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்று வேலியில் மாட்டும், இல்லையென்றால் மேட்டில் இடிக்கும். ஆளின் தோள் அகலத்துக்குள் எல்லாம் அடங்கினால் தாராளமாகப் போகலாம். கனடாவிலிருந்து மெக்சிகோ எல்லை வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிரேட் டிவைடு பாதைக்காரர்கள் பைக்பேக்கிங் என்று பழகிக்கொண்ட முறை, இங்கே இட்டேரியின் அகலத்துக்கே பொருந்துகிறது.

போத்தனூரிலிருந்து கிழக்கே செட்டிபாளையம் வழியாகக் கிளம்பினால் கரி மோட்டார் ஸ்பீட்வே தாண்டும் வரைக்கும் லாரியும் தூசியும்தான். சுல்தான்பேட்டை நெருங்கும்போது தார் ரோட்டை விட்டு இறங்கலாம். பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் கரைகள், தென்னந்தோப்புக்கு ஊடான மண் பாதைகள், பிறகு காமநாயக்கன்பாளையம், குண்டடம் பக்கம் போகப் போக மரம் குறைந்து, வெள்வேலும் காற்றாலையும் தனியாக நிற்கிற மேட்டுநிலம். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் நிற்கும். கீழ்க்கியரில் தலை குனிந்து மிதிக்க வேண்டியதுதான்.

ஓட்டத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 'ஸ்டீல் மெத்துனு ஓடும்' என்று சைக்கிள்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. என் ஹெர்குலிஸின் கனத்த சட்டம் மெத்தென்று ஓடுவதில்லை. மெத்தென்று ஓடுவது டயர். காற்றை 50 பிஎஸ்ஐ-இலிருந்து முப்பதுக்கு இறக்கினதும் அதே சைக்கிள் வேறு சைக்கிளாகிறது. ஜல்லி குத்துவது நின்று, டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகிறது. முன்னோக்கி வளைந்த போர்க்குக் கால்கள் இருக்கின்றனவே, அவை மட்டும் கொஞ்சம் கொடுக்கின்றன. டிராக்டர் ஓடி அலை அலையாகிப்போன பாதையில் குனிந்து பார்த்தால் முன் அச்சு முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்கே தெரியும். நீண்ட நேரம் அப்படிப் போனால் உள்ளங்கை மரத்துப்போகத்தான் செய்யும். பின்பக்கம் நன்றாக வளைந்த ஹேண்டில்பார் மாற்றிய பிறகு அது பெரிதும் குறைந்தது.

அசையாத போர்க்கு கற்றுக்கொடுப்பது பாதையைப் படிக்க. ஷாக்கர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் விடலாம். இதில் பத்தடிக்கு முன்பே பார்த்து, இடுப்பை எழுப்பி, முழங்கையைத் தளர்த்தி, எடையைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். போர்க்குக் கால்களில் இரண்டு பக்கமும் சம எடையில், அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பை கட்டியபோது ஹேண்டில் சற்றுக் கனத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பு மணலில் முன்சக்கரம் அலைபாய்ந்ததுபோல் பிறகு அலைபாயவில்லை. தண்ணீரும் அரிசியும் முன்னால், கூடாரம் ஹேண்டிலில், துணி மட்டும் சீட்டுக்குப் பின்னால் என்று வைத்துக்கொண்டேன். கனமானதைச் சீட்டுக்குப் பின்னால் கட்டினால், எழுந்து மிதிக்கும்போதெல்லாம் அது வாலாட்டிக்கொண்டே வரும்.

குண்டடம் தாண்டியதும் கொறங்காடு தொடங்குகிறது. பாசனம் இல்லாத மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் சுற்றிக் கிளுவை வேலியும். காட்டைத் துண்டுதுண்டாக அடைத்து, ஒன்றில் மேய்ந்த பிறகு அடுத்ததில் விடுவார்கள். காங்கேயம் மாடுகளின் தாய்வீடு. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போகும் வழியில் படல் இருக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படலைத் தூக்கி நகர்த்தி, உள்ளே போய், மறுபடி அடைத்துக் கட்ட வேண்டும். அடைக்காமல் போகிறவனைக் கொங்கு நாட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். மூட்டையோடு இந்தச் சைக்கிளின் எடை அங்கேதான் முழுதாகத் தெரியும்.

அப்படி ஒரு படல் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருத்தர் நிறுத்தி விசாரித்தார். "ஏங்கண்ணு, என்ன யாவாரம்? துணியா, பாத்திரமா?" யாவாரம் இல்லைங்க ஆத்தா, சும்மா ஊர் பார்க்க என்றேன். சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எங்கூட்டுக்காரரு இப்பிடித்தான் மூட்டையக் கட்டிக்கிட்டு வெள்ளக்கோயில் சந்தைக்குப் போவாரு. ராத்திரிக்கு இங்கியே படுத்துக்க, காலைல போலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். வெள்வேல் நிழல் விழுந்த மேட்டில் கூடாரம் போட்டேன். அந்த ஊர்க் காற்றில் கொசு நிற்க முடியாது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்வேல் முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் எந்த டயரையும் துளைக்கும். டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றாமல் கொறங்காட்டுக்குள் போவதில் அர்த்தமில்லை. மாற்று டியூப் எங்கும் கிடைக்கும். இருபத்தாறு அங்குலத்தின் பெரிய சௌகரியம் அதுதான்.

திரும்பும் வழியில் குண்டடத்துக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் வலது பின் கால், காதோடு சேருமிடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பழைய துருவும் விரித்த அகலமும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். டிராக்டர் டிப்பருக்கு ஒட்டுப்போடும் ஒரு பட்டறை ரோட்டோரத்தில் இருந்தது. அங்கே ஆர்க் வெல்டிங் மட்டும்தான். பட்டறைக்காரர் பெயிண்டைச் சுரண்டி, விரிசலின் இரு நுனியிலும் புள்ளி வைத்து, கரண்டைக் குறைத்து, தொடர்ந்து இழுக்காமல் புள்ளி புள்ளியாக நிறுத்தி நிறுத்தி ராடு வைத்தார். ஆறவிட்டு கிரைண்டரில் தேய்த்தார். காசு கொடுத்தபோது டீச்செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

கனத்த சுவர் அங்கேதான் கைகொடுத்தது. எஃகுச் சைக்கிளை உலகத்தின் எந்த மூலையிலும் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்று பைக்பேக்கிங்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். மெலிந்த குரோமோலி குழாயை டிப்பர் வெல்டரிடம் கொடுத்தால் முதல் பொறியிலேயே ஓட்டை விழும்; அதற்குப் பித்தளையோ டிக் வெல்டிங்கோ தெரிந்த கை வேண்டும். ஆவடித் தையல் குழாய் அந்த ராடைத் தாங்கியது. சர்லி போன்ற நிறுவனங்களின் 4130 சட்டங்கள் எடையிலும் ஓட்டத்திலும் இதைவிட எவ்வளவோ மேல். நண்பர் ஒருவருடையதை ஓட்டிப் பார்த்தபோது ஏற்றத்தில் எனக்கே ஏக்கமாக இருந்தது. குண்டடத்தில் உடைந்தால் மட்டும் என்னுடையதுதான் எனக்கு வேண்டும்.

மலைக்கு இது ஆகாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை மூட்டையோடு ஏறுவது வேண்டாத தண்டனை. இறங்கும்போது ரிம் பிரேக் சூடேறி ரப்பர் வாடை அடிக்கும். அங்கே டிஸ்க் பிரேக் வேண்டும். மலை வேண்டாதவர்களுக்கு இந்தச் சமநிலத்துக் கரடு, மேடு, வாய்க்கால் கரை, இட்டேரி எல்லாம் பல வருஷத்துக்குப் போதும்.

பரணிலோ கொட்டகையிலோ இப்படி ஒரு சைக்கிள் வைத்திருப்பவர்கள், பெயிண்டைப் பார்த்து விலை பேசி காயலானுக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பெடல் அச்சைக் கழற்றிச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். மாவாகத் துரு கொட்டினால் பரவாயில்லை. தகடு தகடாகக் கொட்டினால் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். அடுத்து கழுத்துக் குழாயின் அடியில், கீழ்க்குழாய் சேருமிடத்தில், பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் எப்போதோ எதிலோ மோதிய சட்டம். பிறகு போர்க்கைக் கழற்றி, அதன் தண்டின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். மற்ற எங்கே உடைந்தாலும் ரோட்டோரத்தில் நிறுத்தலாம். அங்கே உடைந்தால் நிறுத்த நேரமிருக்காது. இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் டயர் வாங்கப் போகலாம். உள்ளே 2.1 இடிக்காமல் சுற்றுகிறதா என்று மட்டும் அளந்துகொண்டு போங்கள்.